பிஹெச்பி ஃபில்டர்ல ஸ்கிரிப்ட் வார்த்தையை தூக்கியும் எக்ஸ்எஸ்எஸ் வருது, இன்னும் என்னென்ன வார்த்தை சேர்க்கணும்?

பிஹெச்பி_பாண்டி:

மக்களே கொஞ்சம் அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. வாடகை வீடு விளம்பரம் போடுற ஒரு பழைய சைட்டை நான் மெயின்டெய்ன் பண்றேன். கோர் பிஹெச்பி, வெர்ஷன் 7.4, ஃப்ரேம்வொர்க்லாம் ஒண்ணும் கிடையாது, எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதிவச்சுட்டு வேற கம்பெனிக்கு போயிட்டார். இப்ப கிளையன்ட் வெளிய ஒரு டீமை புடிச்சு செக்யூரிட்டி ஆடிட் எடுத்தாங்க, ரிப்போர்ட்ல "ஸ்டோர்டு எக்ஸ்எஸ்எஸ், ஹை"ன்னு சிவப்புல போட்டு அனுப்பிட்டாங்க. அதாவது யாரோ ஃபார்ம்ல அடிச்ச ஸ்கிரிப்ட் டேட்டாபேஸ்ல உக்காந்து, பேஜை தொறக்கறவங்க பிரவுசர்ல ஓடுது.

எனக்கு குழப்பம் என்னன்னா, நாங்க ஃபில்டர் வச்சிருக்கோம். க்ளீன்னு ஒரு ஃபங்க்ஷன், ஃபார்ம்ல வர்ற எல்லாமே அது வழியாத்தான் டேட்டாபேஸுக்கு போகுது. அது <ஸ்கிரிப்ட்> டேகை தூக்கிடும், ஜாவாஸ்கிரிப்ட்: னு எங்க இருந்தாலும் தூக்கிடும், ஆன்க்ளிக் ஆன்லோட் ஆன்எரர் மூணையும் தூக்கிடும். எல்லாம் ஸ்ட்ரிங் ரீப்ளேஸ்தான். (டேகை இங்கிலீஷ்ல அடிச்சா இந்த எடிட்டர் முழுங்கிடுது, அதான் தமிழ்லயே அடிக்கிறேன், புரிஞ்சுக்கோங்க.)

ஆடிட் ஆளுங்க காட்டுனது இது. டிஸ்கிரிப்ஷன்ல <ஸ்கி<ஸ்கிரிப்ட்>ரிப்ட்> னு போட்டிருக்காங்க, எங்க ஃபங்க்ஷன் நடுவுல இருக்கறதை தூக்கினதும் ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு முழு டேகா வந்து நிக்குது 🤦 அப்புறம் வீட்டு டைட்டில்ல டேகே இல்லாம 2பிஹெச்கே' ஆட்டோஃபோகஸ் ஆன்ஃபோகஸ்=அலர்ட்(1)// னு போட்டிருக்காங்க, அட்மின் அப்ரூவல் பண்ண எடிட் பேஜை தொறந்த உடனே பாப்அப். மூணாவது வெப்சைட் லிங்க்ல ஜாவா கழிச்சு ஒரு டேப் கேரக்டர், அப்புறம் ஸ்கிரிப்ட்:. அதுவும் ஓடுது.

என் கேள்வி, இந்த லிஸ்ட்ல இன்னும் என்னென்ன சேர்த்தா முழுசா கவர் ஆகும்? யார்கிட்டயாவது ரெடிமேட் லிஸ்ட் இருந்தா குடுங்க ப்ளீஸ்.

சும்மா_வந்தேன்:

ஸ்ட்ரிப் டேக்ஸ் போட்டு விடு ப்ரோ, மேல ஒரு வாஃப் (வர்ற ரிக்வெஸ்ட்டை வடிகட்டுற ஃபயர்வால்) மாட்டு, ஆடிட் க்ளோஸ். இதுக்கெல்லாம் டென்ஷன் ஆகலாமா.

இரவுக்_காவலாளி:

சும்மா வந்தவர் சும்மாவே போயிருக்கலாம் 🙂

பாண்டி, உங்க ரெண்டாவது கேஸை நல்லா பாருங்க, அதுல டேகே இல்லை. ஸ்ட்ரிப் டேக்ஸ் டேகைத்தான் தூக்கும், சிங்கிள் கோட்டை அது தொடக்கூட தொடாது. பிஹெச்பி மேனுவல்லயே அந்த ஃபங்க்ஷன் பேஜ்ல, எக்ஸ்எஸ்எஸ் தடுக்க இதை நம்பாதேன்னு எச்சரிக்கை போட்டு வச்சிருக்காங்க.

லிஸ்ட் கேட்டீங்க, லிஸ்ட் தர மாட்டேன், ஏன்னா அது முடியவே முடியாது. ஆன் ல ஆரம்பிக்கிற ஈவென்ட் பேரு மட்டும் பல டஜன் இருக்கு, பிரவுசர்காரன் புதுசு புதுசா சேர்த்துக்கிட்டே இருக்கான், நீங்க எத்தனைன்னு சேர்ப்பீங்க. அந்த டேப் கேஸ் இருக்கே, அது பிரவுசரோட தப்பும் இல்ல, யூஆர்எல்லை படிக்கும்போது நடுவுல இருக்கற டேப், நியூலைன் எல்லாத்தையும் தூக்கிட்டு படிக்கணும்னு ஸ்டாண்டர்ட்லயே இருக்கு. உங்க ஸ்ட்ரிங் ரீப்ளேஸுக்கு அது ரெண்டு தனித்தனி வார்த்தை, பிரவுசருக்கு ஒரே வார்த்தை. அவ்ளோதான் ஓட்டை.

இதே கதை 2005 அக்டோபர்ல மைஸ்பேஸ்ல நடந்துச்சு. சேமி காம்கர்னு ஒரு பையன், ப்ரொஃபைல் பக்கத்துல கோடு வச்சான், பார்க்கிறவங்க எல்லாம் அவனுக்கு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்புவாங்க, அவங்க ப்ரொஃபைல்லயும் அதே கோடு ஒட்டிக்கும். 20 மணி நேரத்துக்குள்ள 10 லட்சம் பேருக்கு மேல பரவிருச்சு. மைஸ்பேஸ் ஒண்ணும் ஃபில்டர் இல்லாம இருக்கல, உங்க க்ளீன் ஃபங்க்ஷனை விட நல்ல ஃபில்டர்தான். ஸ்கிரிப்ட் டேக் போட முடியாது, ஆன்க்ளிக் போட முடியாது. அவன் டிவ் டேகோட ஸ்டைல்ல பேக்கிரவுண்ட் படத்தோட யூஆர்எல்லா ஜாவாஸ்கிரிப்டை வச்சான், அந்த காலத்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதை ஓட்டும். ஜாவாஸ்கிரிப்ட்ங்கற வார்த்தையை ஃபில்டர் தூக்குதா, ஜாவாவுக்கும் ஸ்கிரிப்டுக்கும் நடுவுல ஒரு நியூலைன் போட்டான். இன்னர்ஹெச்டிஎம்எல்ங்கற வார்த்தையை தூக்குதா, அதை ரெண்டா ஒடிச்சு ப்ளஸ் போட்டு ஒட்டி இவால்ல (ஸ்ட்ரிங்கை கோடா ஓட்டுற ஃபங்க்ஷன்) குடுத்தான். ஒவ்வொரு வார்த்தையா அவங்க தடுக்க தடுக்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு சந்து கண்டுபிடிச்சுட்டே போனான். கடைசில கோர்ட்டு, ப்ரொபேஷன், கம்யூனிட்டி சர்வீஸ்னு போச்சு, அது வேற கதை.

அதுல நியூலைன், உங்க சைட்ல டேப். இத்தனை வருஷம் கழிச்சும் அதே ட்ரிக்.

செய்ய வேண்டியது: உள்ள வர்ற இடத்துல வார்த்தை தூக்குறதை விடுங்க, வெளிய போற இடத்துல எஸ்கேப் பண்ணுங்க, அதாவது <, கோட் மாதிரி கேரக்டரை பிரவுசர் வெறும் எழுத்தா காட்டுற குறியீடா மாத்துங்க. எக்கோ பண்ற (பேஜ்ல எழுதுற) ஒவ்வொரு இடத்துலயும் ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ், அதுக்குன்னே இருக்கற பிஹெச்பி ஃபங்க்ஷன்.

பிஹெச்பி_பாண்டி:

அண்ணே ரொம்ப நன்றி. ஆனா ஒரு விஷயம் இடிக்குது, உள்ள வரும்போதே ஒரே இடத்துல க்ளீன் பண்ணா வேலை முடிஞ்சுதுல்ல, வெளிய எக்கோ பண்றது நூத்துக்கணக்கான இடத்துல இருக்கு. உள்ள வரும்போதே ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் போட்டு சேவ் பண்ணிட்டா?

ரியாக்ட்_ராசாத்தி:

அது வேண்டாம் தம்பி, அந்த பாவத்தை பண்ண ஒரு ப்ராஜெக்ட்ல நான் வேலை பாத்திருக்கேன். ஓனர் பேர்ல "முருகன் & சன்ஸ்"னு இருந்தா டேட்டாபேஸ்ல "முருகன் &ஆம்ப்; சன்ஸ்"னு உக்காந்துக்கும். வெப் பேஜ்ல சரியா தெரியும், எஸ்எம்எஸ்ல அப்படியே &ஆம்ப்; னு போகும், எக்ஸல் ரிப்போர்ட்ல போகும், இன்வாய்ஸ் பிடிஎஃப்ல போகும். அப்புறம் எவனாவது புதுசா வந்தவன் வெளியவும் எஸ்கேப் பண்ணுவான், ரெண்டு தடவை எஸ்கேப் ஆகி பேஜ்லயும் கந்தலாகும். கஸ்டமர் போன் பண்ணி என் கடை பேர்ல இது என்னங்க குப்பைன்னு கேப்பாங்க.

முக்கியமான காரணம் வேற. உள்ள வாங்கும்போது அந்த டைட்டில் எங்க போய் உக்காரப்போகுதுன்னு உனக்கு தெரியாது. உன் சைட்டையே எடுத்துக்கோ, ஒரே டைட்டில் எத்தனை இடத்துல வருதுன்னு பாரு. லிஸ்டிங் பேஜ்ல ரெண்டு டேகுக்கு நடுவுல வரும். எடிட் ஃபார்ம்ல வேல்யூ அட்ரிபியூட்டுக்குள்ள வரும். மேப் இருந்தா பாப்அப்புக்காக ஜாவாஸ்கிரிப்ட் வேரியபிளுக்குள்ள வரும். வாட்ஸ்அப் ஷேர் லிங்க்ல யூஆர்எல்லுக்குள்ள வரும். நாலு இடத்துக்கும் நாலு விதி. ஒண்ணுக்கு ஆபத்தான கேரக்டர் இன்னொண்ணுக்கு சாதாரணம். உள்ள ஒரு தடவை சுத்தம் பண்ணி நாலுக்கும் சரியாக்குற ஃபங்க்ஷனை யாராலயும் எழுத முடியாது.

பிஹெச்பி_பாண்டி:

அக்கா மேப் இருக்கு, ஷேர் பட்டனும் இருக்கு 😐 எப்படி கரெக்டா சொன்னீங்க.

சரி, எடிட் ஃபார்ம்ல மட்டும் முதல்ல ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் போட்டுப் பார்த்தேன். அதே 2பிஹெச்கே' டைட்டில், இன்னும் அலர்ட் வருது!! கேஷ் எல்லாம் க்ளியர் பண்ணிட்டேன். இது என்ன மாயம்.

இரவுக்_காவலாளி:

உங்க டெம்ப்ளேட்ல வேல்யூவை சிங்கிள் கோட்ல எழுதியிருக்கீங்களா?

பிஹெச்பி_பாண்டி:

ஆமா அண்ணே, வேல்யூ='...' னுதான் எல்லா இடத்துலயும். பழைய ஆள் எக்கோவை டபுள் கோட்ல எழுதி உள்ள சிங்கிள் போட்டிருக்கார்.

இரவுக்_காவலாளி:

அதேதான். பிஹெச்பி 8.1க்கு முன்னாடி வரைக்கும் அந்த ஃபங்க்ஷன் டிஃபால்ட்டா டபுள் கோட்டை மட்டும்தான் மாத்தும், சிங்கிள் கோட்டை அப்படியே விட்டுடும். 8.1ல தான் டிஃபால்ட்டை மாத்துனாங்க. உங்களது 7.4, அதனால ரெண்டாவது ஆர்கியுமென்ட்டா இஎன்டி அண்டர்ஸ்கோர் கோட்ஸ் கொடுக்கணும், மூணாவதா யூடிஎஃப்-8. இதை ஒவ்வொரு இடத்துலயும் முழுசா டைப் பண்ணாதீங்க, மறந்துடுவீங்க. ஒரே எழுத்துல பேர் வச்சு ஒரு சின்ன ஃபங்க்ஷன் எழுதி அதுக்குள்ள இதை வச்சுட்டு எல்லா இடத்துலயும் அதை கூப்பிடுங்க. வேல்யூவை சுத்தி கோட்டே போடாம எங்கயாவது எழுதியிருந்தா அதையும் தேடி கோட் போட்டுடுங்க, கோட் இல்லைன்னா ஒரு ஸ்பேஸ் போதும், அட்டாக்கர் புது அட்ரிபியூட் ஆரம்பிச்சுடுவான், எஸ்கேப் பண்ணியும் பிரயோஜனம் இல்ல.

ரியாக்ட்_ராசாத்தி:

இன்னொரு பொறி இருக்கு, அதுல மாட்டிக்காத. ஷேர் பட்டன் எப்படி எழுதியிருக்கு? ஆன்க்ளிக்="ஷேர்('டைட்டில்')" இந்த மாதிரியா?

பிஹெச்பி_பாண்டி:

அப்படியேதான் அக்கா. அங்கயும் இப்ப புது ஃபங்க்ஷனை போட்டுட்டேன், சிங்கிள் கோட் &#039; ஆ மாறிடுது, செக் பண்ணேன்.

ரியாக்ட்_ராசாத்தி:

மாறும், ஆனா உதவாது. பிரவுசர் அந்த அட்ரிபியூட்டை என்ன பண்ணும்னு யோசி. முதல்ல ஹெச்டிஎம்எல்லா படிக்கும், அப்ப &#039; திரும்பவும் ' ஆயிடும். அப்படி வந்த ஸ்ட்ரிங்கைத்தான் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின்கிட்ட குடுக்கும். நீ எஸ்கேப் பண்ணதை பிரவுசரே அவிழ்த்துக் குடுத்துடும். டைட்டில்ல ');அலர்ட்(1);// னு போட்டு பட்டனை அமுக்கிப் பாரு.

ஆன்க்ளிக்குக்குள்ள டேட்டாவை வைக்கறதையே விட்டுடு. டேட்டா-டைட்டில்னு ஒரு அட்ரிபியூட்ல வச்சு, அங்க சாதாரணமா எஸ்கேப் பண்ணி, தனி ஜேஎஸ் ஃபைல்ல இருந்து டேட்டாசெட் வழியா படி. மேப்புக்கும் அதே. இல்ல ஸ்கிரிப்ட் டேகுக்குள்ளதான் வேணும்னு அடம்புடிச்சா ஜேசன் என்கோட் பண்ணி, ஹெக்ஸ் டேக் ஹெக்ஸ் க்வாட் அந்த ஃப்ளாக் எல்லாம் சேர்த்து போடு, சுத்தி நீயா கோட் போடாத, அதுவே போட்டுக்கும். மேப் பாப்அப்ல லைப்ரரி அந்த ஸ்ட்ரிங்கை ஹெச்டிஎம்எல்லா உள்ள போடுதா டெக்ஸ்ட்டா போடுதான்னும் பாத்துக்கோ. இன்னர்ஹெச்டிஎம்எல் இல்ல, டெக்ஸ்ட்கன்டென்ட்.

வெப்சைட் லிங்க் ஃபீல்டு மட்டும் தனி. அங்க எஸ்கேப் பண்ணா பத்தாது, ஜாவாஸ்கிரிப்ட்: ங்கறதுல எஸ்கேப் ஆகுற கேரக்டரே கிடையாது. ஹெச்டிடிபி இல்ல ஹெச்டிடிபிஎஸ், இந்த ரெண்டுல ஆரம்பிச்சா ஏத்துக்கோ, மத்தது எதுவா இருந்தாலும் லிங்க்கே போடாத. ரியாக்ட்ல வேலை பாக்கறவங்க நமக்கு இதெல்லாம் கவலையில்லன்னு நினைப்பாங்க, இந்த லிங்க் விஷயத்துல ரியாக்ட்டும் பல வருஷமா கன்சோல்ல வார்னிங் குடுத்துட்டு ஓடத்தான் விட்டுச்சு.

கோடு_கோவிந்தன்:

நடுவுல புகுந்து பேசுறதுக்கு மன்னிக்கணும். இன்புட்ல செக்கே வேண்டாம்ங்கற மாதிரி போகுது, எனக்கு உடன்பாடில்ல. பேருங்கற ஃபீல்டுல எழுத்து மட்டும்தான் வரணும்னு ஒயிட்லிஸ்ட் வச்சா பாதி பிரச்சனை அங்கயே முடியும். பிளாக்லிஸ்ட் (ஆகாததை மட்டும் தூக்கறது) தப்பு, ஒயிட்லிஸ்ட் சரி.

ரியாக்ட்_ராசாத்தி:

பின்கோடு, போன் நம்பர், வாடகைத் தொகை, இதுக்கெல்லாம் ஒயிட்லிஸ்ட் போடுங்க, போடணும். பேருக்கு போட்டா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டு நம்ம கேக்கலாமா? ரெஜெக்ஸ்ல "எழுத்து மட்டும்"னு யூனிகோட் லெட்டர் கிளாஸை போட்டு மிச்சத்தை தூக்கிப் பாருங்க, "கார்த்திக்" உள்ள போய் "கரததக"ன்னு வெளிய வரும். துணைக்கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாமே யூனிகோட்ல லெட்டர் இல்ல, மார்க். அதுக்கு தனி கிளாஸ் சேர்க்கணும். யூ ஃப்ளாக் போடாம சாதாரண வேர்டு கிளாஸ் போட்டவன் சைட்ல தமிழே உள்ள போகாது. சரி தமிழுக்கு பாத்தாச்சு, தூத்துக்குடில டி'சோசான்னு ஒருத்தர் வருவாரு, அந்த சிங்கிள் கோட்டை என்ன பண்ணுவீங்க? அவரு பேர்ல இருக்கறதும் அதே கேரக்டர்தான், பாண்டியோட ஆடிட்டர் போட்டதும் அதே கேரக்டர்தான். உள்ள வாங்கும்போது வித்தியாசம் கண்டுபிடிக்க வழியே இல்ல. வெளிய எஸ்கேப் பண்ணா கண்டுபிடிக்கற தேவையே இல்ல.

கோடு_கோவிந்தன்:

கரததக 😂 சரி அந்த பாயின்ட் ஒத்துக்கறேன். வாடகைத் தொகைக்கு இன்டீஜர் செக்கை மட்டும் விட மாட்டேன்.

இரவுக்_காவலாளி:

அதை யாரும் விடச் சொல்லல கோவிந்தன்.

செக் பண்ணிட்டு அப்புறம் மாத்துற பிரச்சனைக்கு ஒரு நல்ல உதாரணம் சொல்றேன். 2015 ஏப்ரல்ல வேர்ட்ப்ரெஸ் 4.2ல வந்தது. கமென்ட்டை வேர்ட்ப்ரெஸ் ஒழுங்கா ஃபில்டர் பண்ணும், அனுமதிச்ச டேக், அனுமதிச்ச அட்ரிபியூட் மட்டும்தான், பிளாக்லிஸ்ட் கிடையாது, ஒயிட்லிஸ்ட்தான். ஃபில்டர்ல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா கமென்ட் கலம் மைஎஸ்க்யூஎல்ல டெக்ஸ்ட் டைப், 64 கேபிதான் புடிக்கும். அதைவிட நீளமா கமென்ட் போட்டா டேட்டாபேஸ் சத்தமில்லாம வாலை வெட்டிடும். ஃபில்டர் பாத்தது முழு டேக், டேட்டாபேஸ்ல உக்காந்தது பாதி டேக். அதை பேஜ்ல போடும்போது மிச்ச ஹெச்டிஎம்எல்லோட கலந்து ஆன்மவுஸ்ஓவர் உயிரோட வந்துருச்சு. அட்மின் அந்த கமென்ட்டை பாத்தா முடிஞ்சது. அவசரமா 4.2.1 விட்டாங்க. அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான் 4.1.2ல இதே மாதிரி இன்னொண்ணு அடைச்சிருந்தாங்க, அங்க நீளம் இல்ல, மைஎஸ்க்யூஎல்லோட பழைய யூடிஎஃப்8 டைப் 4 பைட் கேரக்டரை பாத்தா அந்த இடத்தோட வெட்டிடும், அதை வச்சு பண்ணாங்க. தமிழ் எழுத்து 3 பைட், தப்பிச்சுடும், இமோஜி 4 பைட். பாண்டி உங்க டேபிள் யூடிஎஃப்8எம்பி4 தானா, ஸ்ட்ரிக்ட் மோடு (சத்தமில்லாம வெட்டாம எரர் குடுக்கும்) ஆன்ல இருக்கான்னு பாருங்க.

உங்க <ஸ்கி<ஸ்கிரிப்ட்>ரிப்ட்> கேஸும் இதே இனம்தான். அங்க டேட்டாபேஸ் வெட்டுச்சு, இங்க உங்க ஃபங்க்ஷனே வெட்டுது. ஃபில்டருக்கு அப்புறம் எது மாத்தினாலும் இது வரும், ட்ரிம், யூனிகோட் நார்மலைஸ் (ஒரே எழுத்தோட வேற வேற வடிவத்தை ஒண்ணாக்குறது), கேரக்டர் செட் மாத்தறது எதுவா இருந்தாலும். அகல சைஸ் லெஸ்தேன்னு ஒரு கேரக்டர் இருக்கு, ＜ இப்படி இருக்கும், ஃபில்டர் அதை கண்டுக்காது, அப்புறம் என்எஃப்கேசி நார்மலைஸ் பண்ணா சாதாரண < ஆயிடும்.

சும்மா வந்தவர் சொன்ன வாஃபும் இதே நிலைமைதான். வாசல்ல பூட்டைப் போட்டுட்டு கொல்லைப்பக்கத்தை தொறந்து வைக்கிற கதை. மாட்டக்கூடாதுன்னு இல்ல, ஃபிக்ஸ் லைவ் போற வரைக்கும் கொஞ்சம் டைம் வாங்கித் தரும். பிரவுசருக்குள்ளயே ஃபில்டர் வச்சு பாத்தாங்களே, ஐஇ 8ல வந்த எக்ஸ்எஸ்எஸ் ஃபில்டர் பேஜை தானா திருத்தப்போய், ஓட்டையே இல்லாத சைட்ல அந்த ஃபில்டரே ஓட்டை போட்டுச்சு, 2010ல அதை காட்டினாங்க. குரோம்ல இருந்த அதே மாதிரி ஃபில்டர், எக்ஸ்எஸ்எஸ் ஆடிட்டர்னு பேரு, அதையும் 2019ல 78வது வெர்ஷனோட தூக்கிட்டாங்க.

சும்மா_வந்தேன்:

நான் ஒண்ணும் சொல்லலப்பா, போய்ட்டு வரேன் 🏃

பிஹெச்பி_பாண்டி:

அக்கா சொன்ன ஷேர் பட்டன் டெஸ்ட் பண்ணேன், அமுக்கினதும் அலர்ட் வந்துச்சு, ஆடிட்காரங்களே இதை புடிக்கல. டேட்டா அட்ரிபியூட்டுக்கு மாத்திட்டேன், இப்ப வரல. லிங்க் ஃபீல்டும் ஹெச்டிடிபி ஹெச்டிடிபிஎஸ் மட்டும்னு பண்ணிட்டேன்.

இப்ப மாட்டிக்கிட்டது டிஸ்கிரிப்ஷன். அதுல எடிட்டர் இருக்கு, போல்டு, புல்லட் எல்லாம் போடுவாங்க, "சைவம் மட்டும்"னு பெருசா போல்டு பண்ணாம ஒருத்தரும் விளம்பரம் போட மாட்டேங்கறாங்க. அங்க எஸ்கேப் பண்ணா டேக் எல்லாம் அப்படியே எழுத்தா தெரியுது.

இரவுக்_காவலாளி:

அந்த ஒரு ஃபீல்டுக்கு சானிடைசர் வேணும், நீங்களா ரெஜெக்ஸ்ல எழுதாதீங்க, கெஞ்சி கேக்கறேன். பிஹெச்பில ஹெச்டிஎம்எல் ப்யூரிஃபையர் இருக்கு, பல வருஷம் அடிபட்டு நிக்குற லைப்ரரி. அது ஹெச்டிஎம்எல்லை நிஜமாவே பார்ஸ் பண்ணி மரமா கட்டி, நீங்க அனுமதிச்ச டேகை மட்டும் வச்சு புதுசா எழுதிக் குடுக்கும். போல்டு, இட்டாலிக், லிஸ்ட், பாரா, இது போதும் உங்களுக்கு. ஸ்டைல் அட்ரிபியூட் அனுமதிக்காதீங்க. ஒரிஜினலை டேட்டாபேஸ்ல அப்படியே வச்சுக்கிட்டு காட்டும்போது ப்யூரிஃபை பண்ணி கேஷ் பண்ணுங்க, நாளைக்கு லைப்ரரில ஓட்டை வந்து அப்டேட் வந்தா பழைய ரோவும் தானா சரியாகும்.

அப்டேட் வரும். சானிடைசர் ஒரு மாதிரி பார்ஸ் பண்ணும், பிரவுசர் வேற மாதிரி பார்ஸ் பண்ணும், அந்த இடைவெளில ஓட்டை பிறக்கும். கூகுள் சர்ச் பாக்ஸ்லயே இது வந்து 2019ல அடைச்சாங்க, நோஸ்கிரிப்ட்னு ஒரு டேக், ஸ்கிரிப்ட் ஆஃப்ல இருக்கற இடத்துல பார்ஸ் பண்ணா ஒரு அர்த்தம், ஆன்ல இருக்கற இடத்துல வேற அர்த்தம், அவ்ளோதான் விஷயம்.

எழில்_டெஸ்டர்:

எல்லாம் சரி, நான் டெஸ்டிங் சைடுல இருந்து ஒண்ணு சேர்க்கறேன். பாண்டி, ஆடிட்காரங்க போட்ட அந்த மூணு பேலோடையும் (அட்டாக் ஸ்ட்ரிங்) அப்படியே டெஸ்ட் கேஸா எழுதி வச்சுடுங்க, ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஓடணும். 2010 செப்டம்பர் 21 ட்விட்டர்ல ஆன்மவுஸ்ஓவர் புழு ஓடுச்சே, ட்வீட் மேல மவுஸ் போனாலே தானா ரீட்வீட் ஆச்சு, ட்வீட்ல இருக்கற லிங்க்கை ஆட்டோமேட்டிக்கா ஹெச்ரெஃப் ஆக்கும்போது டபுள் கோட்டை எஸ்கேப் பண்ணல. அதை அவங்க முந்தின மாசமே அடைச்சுட்டாங்க, அப்புறம் வந்த சைட் அப்டேட் ஒண்ணு திரும்ப தொறந்து விட்டுருச்சு. உங்க சைட்ல நாளைக்கு யாராவது புது டெம்ப்ளேட் சேர்ப்பாங்க, எஸ்கேப் ஃபங்க்ஷன் போட மறப்பாங்க. முடிஞ்சா டெம்ப்ளேட்டை ட்விக்குக்கு (பிஹெச்பி டெம்ப்ளேட் இன்ஜின்) மாத்துங்க, ஆட்டோ எஸ்கேப் டிஃபால்ட்டாவே ஆன்ல இருக்கும், மறக்கறதுக்கு சான்ஸ் குறைவு.

செஷன் குக்கி ஹெச்டிடிபிஒன்லியா (ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி)?

பிஹெச்பி_பாண்டி:

இல்ல எழில் 😬 இப்ப போட்டுடறேன். அது போட்டா அட்மின் கேஸ் சேஃபா?

எழில்_டெஸ்டர்:

குக்கியை திருட முடியாது, அவ்ளோதான். ஸ்கிரிப்ட் அட்மின் பேஜுக்குள்ளதானே ஓடுது, குக்கி எதுக்கு, அங்க இருந்தே அட்மின் மாதிரி ரிக்வெஸ்ட் அனுப்பி புது அட்மினை உருவாக்கிட்டு போயிடுவான். சிஎஸ்பி ஹெடரும் (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம்னு பிரவுசருக்கு சொல்றது) போடுங்க, முதல்ல ரிப்போர்ட் ஒன்லில (தடுக்காம ரிப்போர்ட் மட்டும்), உங்க பழைய கோடுல இன்லைன் ஸ்கிரிப்ட் எவ்ளோ இருக்குன்னு அப்பதான் தெரியும். அன்சேஃப் இன்லைன் போட்டு சும்மா பேருக்கு வைக்காதீங்க.

பிஹெச்பி_பாண்டி:

கடைசியா ஒரு கேள்வி, அப்புறம் தொல்லை பண்ணல. பழைய க்ளீன் ஃபங்க்ஷனை தூக்கிடலாமா இல்ல இருந்துட்டு போகட்டுமா? கிளையன்ட், இருக்கற செக்யூரிட்டியை ஏன் எடுக்கறீங்கன்னு கேப்பாரு.

இரவுக்_காவலாளி:

எல்லா பேஜ்லயும் எஸ்கேப் போய் சேர்ந்த அப்புறம் தூக்குங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம். எக்கோவை கிரெப் பண்ணி ஒவ்வொரு ஃபைலா டிக் அடிச்சுட்டே வாங்க, சுருக்க எக்கோ டேகும் இருக்கும், அதையும் சேர்த்து தேடுங்க. அட்மின் பக்கத்தை முதல்ல முடிங்க, லாக் பார்க்குற பேஜ், எரர் பேஜ், ஈமெயில் டெம்ப்ளேட் மூணையும் எல்லாரும் மறந்துடுவாங்க.

கிளையன்ட் கேட்டா அந்த ஃபங்க்ஷன் இருக்கும்போதுதான் ஆடிட் ரிப்போர்ட் வந்துச்சுன்னு சொல்லுங்க. டேட்டாபேஸ்ல ஆன்ஃபோகஸ், லெஸ்தேன் இதையெல்லாம் லைக் போட்டு ஒரு தடவை தேடிப் பாருங்க, ஆடிட்காரங்க விட்டுட்டுப் போன டெஸ்ட் ரோ தவிர வேற ஏதாவது கிடைச்சா இங்க வந்து சொல்லுங்க, அது வேற லெவல் பிரச்சனை.